லக்கேஜ் டிக்கெட்

பாலக்கோட்டில் ஏறியதும்
ஐஸ்பெட்டியைத் தட்டி "மீனா மேடம்?" என்றார் கண்டக்டர்.
"ரத்தம்."
லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
பக்கத்து இருக்கை காலியானது.

இருபத்தாறு குழாய்கள்.
பதினோராவது லகுமம்மா,
மாங்கூழ் ஆலையில் கொட்டை பிரிப்பவள்.
பிறந்த அன்று தாயிடம் வாங்கிய வைரஸ்
நாற்பது வருடமாய்க் குடியிருக்கிறது,
வாடகை தகராறு இல்லாமல்.
கண்ணில் மஞ்சளில்லை; விரலிடுக்கில் மட்டும்.
அவள் வெள்ளையணுக்கள் அதைச்
சொந்தக்கணக்கில் எழுதிவிட்டன.

பன்னிரண்டு, புருஷன் ருத்ரப்பன்.
கல்யாணத்துக்குப் பிறகு தொற்றியது.
உடம்பு மல்லுக்கு நின்றது.
மூன்று வாரம் மஞ்சளாய்க் கிடந்து
எழுந்து லாரி ஓட்டப் போய்விட்டான்.

ஈரலைச் சிதைப்பது பெரும்பாலும்
வைரஸைத் தேடிவரும் நம் படைதான் என்றேன்.
விரலைத் தேய்த்தபடி கேட்டாள்:
"அப்ப என் உடம்பு சும்மா இருந்தது
நல்லதா, கெட்டதா?"

மூன்று வருட நிதி கேட்டு அனுப்பிய மனுவில்
முதல் வரி அதுதான்.
ஆங்கிலத்தில். அவள் பெயரில்லாமல்.

காவேரிப்பட்டணம் வேகத்தடையில்
பஸ் தூக்கிப் போட,
கரைந்த ஐஸில்
பதினொன்றும் பன்னிரண்டும்
லேசாக இடித்துக்கொண்டன.
மடியில் பெட்டியை
இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.