ஓட்டம் 14, படங்கள் 6, 7

கே.கே. நகர் ஆபீஸில் கரண்ட் போய்ப்போய் வரும் மத்தியானம்.
நாலு கண்ணாடி, இரண்டு லென்ஸ், மடக்குக் கால்.
ஸ்டீரியோஸ்கோப்பை ஜன்னலோர மேசையில் நிறுத்துகிறேன்.
அடியில் அக்கம்பக்கமாய் இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள்:
ஒரே விமானம், ஒரே கேமரா,
நடுவில் சில நொடிப் பறத்தல்.

தனித்தனியே பார்த்தால் வெறும் சாம்பல்.
குனிந்து,
இடது கண்ணுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று
மயிரிழை மயிரிழையாய் விரலால் நகர்த்தினால்
இரண்டும் கொஞ்சம் சண்டைபோட்டு
சட்டென்று ராசியாகி
தாள் எழுந்து நிற்கும்.
பதினேழு வருஷமாய்ப் பார்க்கிறேன்,
அந்தக் கணத்தில் அடிவயிறு இன்னும் கழன்றுதான் திரும்புகிறது.

புதிதாய் வருகிறவர்களுக்கு முதலில் ஊரைக் காட்டுவேன்.
நாலு கோபுரமும் கண்ணைக் குத்த வரும்.
தலையைப் பின்னுக்கு இழுக்காதவர் இல்லை.
உள்ளதைவிட உயரமாய்க் காட்டுகிற கருவி இது.
மதுரைக்காரர்களுக்கு அதில் புகாரே கிடையாது.
வைகையில் தண்ணீர் இல்லை என்பது
முப்பரிமாணத்திலும் அப்படியேதான் இருக்கும்.

இன்று வந்தது
கோர்ட் அனுப்பிய கமிஷனர்,
குவாரிக்காரரின் வக்கீல்,
மனுப் போட்ட சேவுகன்.
மேலூருக்கு வடக்கே நரிக்குண்டு மலை
இருக்கிறதா, இல்லையா:
வழக்கு அவ்வளவுதான்.

கமிஷனர் குனிந்து நெடுநேரம் இருந்தார்.
"மலை இருக்கே" என்றார்.
வக்கீல் குனிந்தார்.
"அருமையா இருக்கு சார். உச்சியில குளம்கூட இருக்கு."

நானும் பார்த்தேன். இருந்தது.
படிப்படியாய், விளிம்பு சீவினாற்போல்,
ஊர்க் கோபுரம் நாலையும் தோளில் நிறுத்தும் உயரத்தில்.
ஓடை ஒன்று மேட்டின் முதுகில் ஏறி ஓடியது.
கண்மாய்க்கரை பள்ளமாய்க் கிடந்தது.
ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

சேவுகன் குனிந்தான்.
அவன் வலது கண் குவாரியில் தெறித்த சில்லோடு போனது.
"எனக்கு ஒண்ணும் எந்திரிக்கலையேம்மா."
என்னிடம் பதில் இல்லை.
சிவப்பு நீலக் கண்ணாடி, தியேட்டர் கறுப்புக் கண்ணாடி,
தலையில் மாட்டுகிற புதுப் பெட்டி,
எல்லாமே இரண்டு கண்ணை நம்பிப் பிழைப்பவை.

அவன் படத்தையே உருவி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.
"இங்க பனைமரம். நெழல் மேக்க விழுது.
அப்ப வெயில் கிழக்க இருந்து வருது.
மலைன்னா மேக்குப் பக்கம்தான இருட்டணும்?
இது கிழக்குச் செவுரு இருட்டு.
குழிம்மா இது. நான் உள்ள நின்னு பாத்த செவுரு."

மற்ற படத்தின் மூலையைப் பார்த்தேன்.
ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு.
வைத்தது என் கை.
இடது வலதாய், வலது இடதாய்ப் போனால்
கண் அசராமல் குழியை மலையாக்கித் தந்துவிடும்.
வக்கீல் அப்போதுதான் தன் செல்லைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாற்றி வைத்தேன்.
மலை சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.
எழுபது மீட்டர். குளம் அடியில் போய்ப் படுத்தது.
கமிஷனர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அவர் எழுதத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி குனிந்து கேட்டார்:
"இந்த லாரி என்ன, பறக்குது?"
கல் ஏற்றிய லாரி,
ரோட்டுக்கு மேலே இரண்டு பனை உயரத்தில்.
முதல் படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே
அது கொஞ்சம் நகர்ந்துவிட்டது சார்.
கருவிக்கு ஓட்டம் தெரியாது.
எது இடம் மாறினாலும் அதை உயரம் என்றே எடுத்துக்கொள்ளும்.

"இதையும் ரிப்போர்ட்ல எழுதணுமா?"

"எழுதுங்க சார்" என்றான் சேவுகன், வாசலில் செருப்பைத் தேடியபடி.
"ராத்திரி ராத்திரியா அப்படித்தான் போச்சு.
செக்போஸ்ட்டுல ஒருத்தர் காதுலயும் விழல."