தரகு

முதலில் வந்தவர் செருப்பைக் கழற்றவில்லை.
வாசலில் நின்றபடியே
"ஐயா இல்லையோ?" என்றார்.
உறுதி என்ர பேரில, என்றேன்.
கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஐயா வரும்வரைக்கும்
மதிலோரம் நின்று போனைப் பார்த்தார்.
கல்லடியில் எத்தனை வீடு
பெண்களின் பெயரில் கிடக்கிறதென்று தெரியாதவர்
எந்த ஊரில் காணி விற்றுப் பழகினாரோ.
தேத்தண்ணி கொடுக்கவில்லை.

அடுத்தவர் ட்ரோனோடு வந்தார்.
கிணற்றடியில் வைத்துக் கிளப்பினார்.
ஒழுங்கை நாய்கள் எல்லாம் ஒன்றாய்க் குரைத்தன.
மேலேயிருந்து பார்த்தால் என் வீடு
கழுவிக் கவிழ்த்த சட்டி.
"வாவியும் கடலும் ஒரே படத்துக்க வருது அக்கா,
லண்டன்காரர் விடமாட்டாங்க."
நாலு வீதம் கேட்டார்.
கடலுக்கும் சேர்த்தா தம்பி கொமிசன்?
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

போகும்போது அறைச் சுவரைக் காட்டி,
"இந்த வெடிப்புக்கு முன்னால
அலுமாரியத் தள்ளி வையுங்க, ஒண்டும் தெரியாது" என்றார்.

ஒண்டும் தெரியாது.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால்
ஆரையம்பதியில் இதே சொல்லைச் சொன்னவரும்
ஒரு தரகர்தான்.
காதில் பென்சில், கக்கத்தில் சாதகக் கட்டு.
"கல்லடியில பதினாலு பேர்ச்,
கிழக்கு வாசல், நல்ல தண்ணிக் கிணறு,
ரெண்டு அறை, அத்திவாரம் பலம்,
மேல தட்டுப் போடலாம்.
பொம்பிளை அடக்கம்."
என் பங்கு கடைசியில்,
மூச்சு முடிகிற இடத்தில் வந்தது.
பூசாத சுவரையும் என்னையும்
ஒரே நாளில் பார்த்துவிட்டுப் போனார்கள்.
சுவரைத் தட்டிப் பார்த்தார்களாம்.

என் இடது காது கேளாது.
ஏழு வயதில் சீழ்வைத்துப் போனது.
அதைத்தான் மூடச் சொன்னார் தரகர்.
மூன்றாம் நாள் அவருக்குத் தெரிந்துவிட்டது.
சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை.
மறுகா, எனக்குத் தெரியக்கூடாதென்று நினைத்ததையெல்லாம்
இடப்பக்கம் நின்று சொல்லப் பழகிக்கொண்டார்.
கடன் வாங்கினதை. தோட்டை அடகு வைத்ததை.
பிறகு, "அண்டைக்கே சொன்னனே" என்பார்.
சொல்லியிருப்பார்.
சாட்சிக்குச் சுவரைத்தான் கேட்கவேண்டும்.

மூன்றாவது ஆள் சுதேசன்.
முந்தி மோட்டார் சைக்கிள் விற்றவராம்.
சட்டைப் பையில் அளவு நாடா.
உள்ளே வரமுதலே கேட்டார்:
"மார்கழி வெள்ளம் எத்தனையாம் படி மட்டும் வரும்?"
ரெண்டு.
"சுனாமி?"
யன்னல் மட்டம்.
எழுதிக்கொண்டார். முகத்தைப் பரிதாபமாக்கவில்லை.
குசினிக்குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.
அறைக்குள் வந்தவர்,
"அலுமாரி ஏன் கோணலா நிக்குது?" என்றார்.

நான்தான் தள்ளி வைத்திருந்தேன்.
இரவு, தனியாக, நெஞ்சு நோக.

அவரே இழுத்துவிட்டார்.
வெடிப்புக்குள் ஒரு பத்து ரூபாய்க் குத்தியைச் செருகினார்.
அது பாதிக்கு நின்றது.
"இதைச் சொல்லித்தான் விப்பன் அக்கா.
ரெண்டு மூண்டு லட்சம் விழும்.
வாங்கினவன் திரும்பி வந்து நிக்கமாட்டான்.
மூண்டு வீதம். குறைக்கச் சொல்லாதீங்க."

சரி, என்றேன்.
இந்த வீட்டைப் பற்றி
என்னிடம் கேட்டு நான் சொன்ன
முதலாவது சரி.

தேத்தண்ணி போட்டேன். சீனி கூடிப்போயிற்று.

அன்றிரவு அவர்
என் இடப்பக்கம் படுத்திருந்து என்னவோ கேட்டார்.
கழுத்தில் மூச்சுச் சூடு பட்டது.
ஏன் விக்கிறாய் என்பதாக இருக்கலாம்.
எங்க போகப்போறாய் என்பதாகவும் இருக்கலாம்.
இந்தப் பக்கம் வந்து கேளுங்க, என்றேன்.

கட்டில் அசையவில்லை.
குத்தியை எடுக்க மறந்துபோயிருந்தார் சுதேசன்.
தெருவிளக்கில் அது மினுங்கிக்கொண்டிருந்தது.
வலது காதை மேலே வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் காத்துக்கிடந்தேன்.