மூன்றாவது வண்டி

தணிகாசலம் அண்ணனிடம் மூன்று டிரெய்லர்கள்.
ஒன்று ஹேமா, ஒன்று ஹரிஷ்,
முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில்.
மூன்றாவதுக்குப் பெயரில்லை.
மூன்றாவது பிள்ளை பிறக்கவில்லை அவர்களுக்கு.
புதுசாக வருகிறவனுக்கு அதுதான்.

"ஹெவி எடுத்து எவ்ளோ நாளாச்சு?"
எட்டு மாசம் என்றேன்.
பெரிய கம்பெனியில் மூன்று வருஷம் கேட்டார்கள்.
இவர் கேட்டது ஆதார் நகல்,
அப்புறம் "குடிப்பியா?"
பதில் வருமுன்னே சாவி என் கையில்.

ஆபீஸ் என்றால்
தண்டையார்பேட்டையில் அவர்கள் வீட்டு முன்னறை.
ஒரு மூலையில் டயர், ஒரு மூலையில் தையல் மிஷின்,
நடுவில் குணவதி அக்கா, கோடு போட்ட நோட்டு.
டீசல், டோல், படி எல்லாம் பேனாவில்.
போலீஸுக்குக் கொடுத்தது "இதர".
டிரைவர் பெயர் மட்டும் பென்சில்.
என் பெயருக்கு அடியில் ஐந்து பேர்
அழிந்திருந்தார்கள்.
தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து
அடுத்த பக்கத்து டீசல் தெரிந்தது.

எர்ணாவூரில் பிடித்த வரிசை
ஜீரோ கேட் வரைக்கும் பதினான்கு மணி நேரம்.
முன்வண்டியின் பின்பலகை எனக்கு மனப்பாடம்.
பைக்கில் போன காலமெல்லாம்
கருங்கல் குவியலைத்தான் பார்த்திருக்கிறேன்.
கேபினில் ஏறி உட்கார்ந்தால்
கல்லுக்கு மேலே கடல்.
அதற்குப் படி கிடையாது.

ராத்திரி போன் வரும்.
"எபி, சாப்டியா?"
அந்தக் கேள்வி எப்போதும் தனியாக வராது.
"நாளைக்கு மீஞ்சூர் யார்டுதானே,
ஹேமாவுக்கு ஒரு டின் முறுக்கு."
நாற்பதடி கண்டெய்னரை
எந்தத் தெருவுக்குள்ளே அக்கா திருப்ப?
"முனையில நில்லு, மாப்ள வருவாரு."
பின்னால் இருபத்திரண்டு டன் டைல்ஸ், சீல் வைத்தது.
பக்கத்து சீட்டில் முறுக்கு, சீல் இல்லாதது.
ரெண்டு தின்றேன்.
அது எந்த நோட்டிலும் ஏறவில்லை.

மணலி யார்டில் ரிவர்ஸ் எடுக்கையில்
கம்பத்தில் மோதி டெயில் லேம்ப் போனது.
நாலாயிரத்து முந்நூறு.
அது ஏறியது, பேனாவில்.

இரண்டாவது மாசம் சம்பளம் தள்ளிப்போனது.
"நீ நம்ம வூட்டுப் பையன்டா" என்றார் அண்ணன்.
வீட்டுப் பையனுக்கு
யார் வீட்டில் சம்பளம் கொடுக்கிறார்கள்?
கொடுங்கையூருக்குப் பஸ் ஏறும்வரை
இதையே யோசித்தேன்.

பதினோராம் தேதி பைனான்ஸ்காரன் வந்தான்,
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
நான்கு தவணை பாக்கி,
பெயரில்லாத வண்டிக்குத்தான்.
அண்ணன் எழுந்து நின்றார்.
டெயில் லேம்ப் அன்றைக்கு நான் நின்ற அதே நிற்பு,
கை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"வண்டி எங்க?"
"லோடுல இருக்கு சார். எண்ணூர்ல."

வண்டி அடுத்த தெருவில் இருந்தது.
சாவி என் பேன்ட் பாக்கெட்டில்.
அவன் என்னைப் பார்த்தான்.
அக்கா நோட்டைப் பார்த்தாள்.

"ஆமா சார். கியூவுல மாட்டிக்கிச்சு,
கிளீனர் நிக்கறான்."
கிளீனர் என்று ஒருவன்
எங்களுக்கு இருந்ததே இல்லை.

அவன் போனதும் யாரும் பேசவில்லை.
டீ வந்தது.
சம்பளம் அன்றைக்கும் வரவில்லை.

மழை பிடித்தது.
நனைந்தால் அந்த வண்டிக்கு ஒரு பெயர் தெரியும்,
பழைய ஓனர் சுரண்டிய பெயிண்டுக்கு அடியில்
ஜெயந்தியோ, ஜெயந்தனோ.
லைட் போடாமல் தெருவைத் தாண்டினேன்.
லோடு இல்லை, கேட் பாஸ் இல்லை.
காலி டிரெய்லரை ஓட்டிக்கொண்டு போய்
எண்ணூர் வரிசையின் வாலில் நிறுத்தினேன்.
சொன்ன இடத்தில் வண்டி இருக்கட்டும்.

பதினொன்றே முக்காலுக்குப் போன்.
"எபி, சாப்டியா?"
சாப்பிட்டேன் என்றேன்.
அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தேன்.
வைப்பர் ஒருதரம் போய் வந்தது.
முன்வண்டி பத்தடி நகர்ந்தது.