கேள்விக்குறிக்குப் பிறகு

என்ன வேலை என்று கேட்டால்
கம்ப்யூட்டர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.
தண்டையார்பேட்டையில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.
கேஸ் வந்ததா, லாரித் தண்ணி வந்ததா,
அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

கீழ் போர்ஷன் எட்டியப்பன்தான் விடவில்லை.
எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளுக்கு ஆள் பிடிக்கிறவர்.
மோட்டார் ஓடுகிற பத்து நிமிஷத்தில்
குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னேன்:
ஒருத்தி குக்கரைப் பற்றி எழுதுகிறாள்.
படித்தவர் அங்கேயே தொட்டுக் கடைக்குப் போகிறார்.
வாங்கினால் அவளுக்கு நூற்றுக்கு நாலு.
யார் அனுப்பிய ஆள் என்று
கடைக்குத் தெரியவைப்பது என் வேலை.
லிங்க்கின் நடுவே ஒரு கேள்விக்குறி வரும்,
எல்லாரும் அதோடு படிப்பதை விட்டுவிடுவார்கள்.
அதற்குப் பிறகு நீளுகிற வால்தான் என் சோறு.

"அட, கமிஷன்" என்றார்.
நாலு வருஷமாக என் வீட்டில் புரியாதது
அரைக் குடம் நிரம்புவதற்குள்.

பிறகு கேட்டார்:
"ரெண்டு பேர் சொல்லி வந்தா துட்டு யாருக்கு?"
கடைசியாக அனுப்பியவருக்கு.
"வாசப்படில நின்னவனுக்கா?"
ஆமாம்.
சிரித்தார். "நானே அப்படித் துன்னிருக்கேன்.
மின்ட்லேர்ந்து ஒருத்தன் வெயில்ல இட்டாந்த குடும்பம்,
கல்யாணப் பார்ட்டி. கதவாண்ட நின்னு
வாங்க வாங்கன்னு ஒரே வார்த்த.
நோட்டுல என் பேரு."
சிரிப்பு முடிந்தும் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
தண்ணீர் வழிந்தது.

ராத்திரி ரெண்டு நாற்பது.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள்
துறைமுகத்து கேட்டுக்காக வரிசை கட்டி
எஞ்சினை அணைத்துத் தூங்குகின்றன.
பெட்டிக்கு நாலு எழுத்து, ஏழு எண்.
எண் அழிந்த பெட்டி யாருடையதும் இல்லை.
மணலிக் காற்று ஜன்னலில் புளிக்கிறது.

என் திரையிலும் ஒரு வரிசை.
செவ்வாயிலிருந்து இருநூற்றுப் பதினாலு ஆர்டர்:
ஆள் வந்திருக்கிறது, பணம் விழுந்திருக்கிறது,
அனுப்பியவர் பெயர் மட்டும்
ஒரு கூப்பன் பட்டைக்கு மாறியிருக்கிறது.
பணம் கட்டும் பக்கத்தில் எட்டிப்பார்க்கும் அது,
தள்ளுபடி உண்டா பார்க்கட்டுமா என்று.
தள்ளுபடி இருக்காது.
அதற்குள் பழைய குக்கீயின் மேல்
தன் குக்கீயை வைத்திருக்கும்.

விதிப்படி சரி.
அந்த விதியை நிரலாக எழுதியவள் நான்.

சாத்தூரில் ரூபாவதி என்று ஒருத்தி.
பார்த்ததில்லை; எண் நாலாயிரத்து நூற்று ஏழு.
மூன்று லிட்டரா ஐந்து லிட்டரா,
ஆறு பேர் வீட்டுக்கு எது காணும் என்று
பருப்பை வேகவைத்தே பார்த்து எழுதுகிறவள்.
அந்த வாரம் அவள் கணக்கில் பூஜ்யம்.
புகார்கூட எழுதவில்லை.
விற்கவில்லை போல என்று நினைத்திருப்பாள்.

மேலாளருக்கு எழுதினேன்.
கூப்பன் ஆட்கள் பெரிய பார்ட்னர்,
அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்று பதில்.
பின்னாலேயே ஒரு கட்டைவிரல் படம்.

கடைசி க்ளிக்குக்கும் பணத்துக்கும் நடுவே
பத்து விநாடிகூட இல்லாதவற்றை மட்டும்
'சரிபார்ப்பில்' என்று நிறுத்திவைத்தேன்.
அந்தப் பொத்தான் என்னிடம் இருப்பது
யாருக்கும் ஞாபகமில்லை.
நிறுத்தத்தான் முடியும், மாற்றி எழுத முடியாது.
ரூபாவதிக்கு இன்னும் பூஜ்யம்தான்.

சனிக்கிழமை எம்.சி. ரோடு போனேன், நைட்டி எடுக்க.
தனியாகத்தான். யாரும் கூட்டிவரவில்லை.
படி ஏறும்போது ஒரு பையன், பதினெட்டு இருக்கும்,
மூன்றடி முன்னால் ஓடி
"வாங்கக்கா, மேல ஏசி" என்று கதவைத் தள்ளினான்.
கல்லாவில் நோட்டு புரண்டது.
அவன் பேருக்கு நேரே ஒரு கோடு.

பத்து விநாடிகூட இல்லை.
சொல்லியிருக்கலாம்.
அவன் சட்டை முதுகு முழுக்க உப்பு பூத்திருந்தது.
முன்னூற்றைம்பது ரூபாய், பூப்போட்டது,
பையை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.
அதற்குள் வேறு யாருக்கோ முன்னால்
நடந்துகொண்டிருந்தான்.