முந்நூறு குடைகள்

டிசம்பர் எங்களுக்குக் கோடை.
சாந்தியாகோவில், பதினான்காம் மாடியில்,
திரையில் கடை வரைவது என் வேலை:
எந்த அலமாரியில் எது, எத்தனை வரிசை,
கண் உயரத்தில் எந்த லாபம்.
வாசலுக்கு நேரே கடற்கரைக் குடை என்று
ஒரு பொத்தானை அழுத்தினேன்.
எழுபத்தொரு கிளைகளிலும் குடைகள் விரிந்தன.

எழுபத்தொன்றாவது கிளை
நாடு முடிகிற இடத்தில், புந்தா அரேனாஸில்.
அங்கே கோடை என்றால்
கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளும் காலம்.
காற்று முற்றிய நாளில் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.
அன்று எனக்குத் தெரிந்தது
ஒரு கட்டம், அதன் பச்சை நிறம்.

சரக்கறையில் நிபால்தோ பெட்டியைக் கிழித்துப் பார்த்தார்.
சிரிக்கவில்லையாம்.
"போன வருஷமே சொன்னேன்."
"யாரிடம்?" என்றார் மேலாளர் எதெல்மிரா ஒயார்சுன்.
"படிவத்திடம்தான்.
சரக்கு வந்ததா? ஆம். சேதமா? இல்லை.
காற்றுக்குக் கட்டம் இல்லை."

எதெல்மிரா என்னை அழைத்தார்.
பணிவாகப் பேசினேன்; பணிவு எங்களுக்குப் பயிற்சியிலேயே வரும்.
திட்டம் எல்லாக் கிளைக்கும் ஒன்றுதான், அம்மா.
மறுமுனையில் ஏதோ தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.
வாசலில் விரித்த முதல் குடை
அன்று மாலையே நீரிணையைத் தாண்டப் புறப்பட்டது.
பதிவேட்டில்: இழப்பு, ஒன்று.

ஜனவரி அறிக்கை.
குடை விற்பனையில் நாட்டிலேயே முதலிடம்
எழுபத்தொன்றாவது கிளை.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதும் போயிருந்தன.
இயக்குநர் மேசையைத் தட்டினார்:
அடுத்த வருஷம் அறுநூறு.
அந்த அம்மாளை மாநாட்டுக்குக் கூப்பிடுங்கள்,
தலைமைப் பண்பு பற்றிப் பேசட்டும்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
உதவிவிட்டது.
சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

அழைக்க நான் போனேன்.
விமான நிலைய வாசலில் என் அடையாள அட்டை எழும்பி
என் கன்னத்திலேயே அறைந்தது.
எதெல்மிரா என்னைக் கடைக்குக் கூட்டிப்போகவில்லை,
ஊர் விளிம்புக்குக் கூட்டிப்போனார்.
பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பசுமைக்குடில்கள்,
உள்ளே கீரை, காற்றையே அறியாத கீரை.
ஒவ்வொரு கூரையையும் தாங்கி நின்றன
என் குடைகளின் கம்புகள்.
துணி? ஒரு நாய்க்கூண்டின் மேல் ஆரஞ்சுக் கோடுகள்,
ஒரு படகு எந்திரத்தின் மேல் நீலக் கோடுகள்.

"இரண்டு மீட்டர், துருப்பிடிக்காது,
இரும்புக்கடையில் இதன் இரண்டு மடங்கு விலை.
மூன்றாம் நாள் நிபால்தோ துணியைக் கழற்றிவிட்டு
விதைப் பொட்டலங்களின் பக்கத்தில் நிறுத்தினார்.
நான் தடுக்கவில்லை.
நான் செய்தது அவ்வளவுதான், அதைப் போய் மேடையில் பேசவா?"

கடையில், கல்லாவுக்கு அடியில், ஒரு பள்ளிக்கூட நோட்டு.
கேட்டார்கள், இல்லை என்றோம்:
நான்கு வருஷம், பென்சிலில், நிபால்தோவின் சாய்ந்த கை.
கண்ணாடி ஒட்டும் பசை.
நாற்பத்தாறாம் அளவுக் கம்பளிக் காலுறை.
கம்பு.
இடது கைக் கத்தரி, ஒரு கிழவர், இரண்டு முறை வந்தார்.
கம்பு.
கம்பு, உயரமாக.
எடுத்துப் போகட்டுமா என்றேன்.
"இங்கேயே உட்கார்ந்து படியுங்கள்.
ஒன்பதுக்குத்தான் கடை மூடுவோம்."

மாநாட்டுக்கு அவர் வரவில்லை. அன்றைக்குச் சரக்கு இறங்கும் நாள்.
அவருக்குப் பதில் நான் பேசினேன்.
ஐந்து படங்களுக்குக் கைதட்டினார்கள்.
ஆறாவதில் கீரை இருந்தது;
அதற்குள் நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது.

அறுநூறு குடைக்கான ஆணை
இப்போது என் மேசையில்.
குறிப்புகள் என்ற குறுகிய இடத்தில்
இரண்டே சொல் எழுதி அனுப்பினேன்:
துணி வேண்டாம்.

இன்று காலை திரும்பி வந்திருக்கிறது.
யாரோ அதை வட்டமிட்டு,
ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள்:
விளக்கவும்.