ஒற்று மிகும் இடம்

குளியலறைக் கூரையில் முதல் துளியைப் பார்த்தது
செவ்வாய் இரவு.
கட்டுரை கொடுக்க இன்னும் ஒன்பது நாள்.
வாளியை நகர்த்தி வைத்துவிட்டு
மறுபடி திரைமுன் உட்கார்ந்தேன்.

கொள்கலன் கிடங்கு ஒன்றின் பழைய மென்பொருள்.
நாற்பது கூறுகள்.
எடை பார்க்க ஒன்று, வாடகை கணக்கிட ஒன்று,
பாரந்தூக்கிக்கு முறை வைக்க ஒன்று.
எங்கள் புளோக்கைப் போல
அவரவர் கதவு, அவரவர் பூட்டு.
ஆனால் எதைத் திறந்தாலும்
நடையிலேயே குந்தியிருக்கிறது அதே வரி:
யார் வந்தார், எப்போது வந்தார், குறித்து வை.
அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்களில்,
சிலவற்றில் எழுத்துப்பிழையோடு.
பதினோரு இடங்களில் யாரோ மறந்திருந்தார்கள்.

எடைக்கு இதில் அக்கறை இல்லை.
வாடகைக்கும் இல்லை.
எல்லாவற்றின் குறுக்கேயும் ஓடுகிற ஓர் அக்கறை,
சொந்த வீடில்லாமல்
வீட்டுக்கு வீடு ஒண்டிக்கொண்டு.

மேல்மாடி திருமதி கோ
கதவைத் திறந்து தன் தரையைக் காட்டினார்.
காய்ந்து பளபளவென்று இருந்தது.
"என் வீட்டில் ஒழுகவில்லையே."
"என் கூரையில் குழாயே இல்லையே."
இருவரும் உண்மைதான் சொன்னோம்.
பாதி நீங்கள் பாதி அவர் என்றது வீவக.
அவர் தரைக்கும் என் கூரைக்கும் நடுவே
அரையடிக் கான்கிரீட்.
அதற்குக் கதவிலக்கம் இல்லை.

உயர்நிலை மூன்றில்
'வீட்டை கட்டினான்' என்றெழுதி
அரை மதிப்பெண் இழந்தேன்.
வீட்டை என்பதற்குள் அந்த க் இல்லை.
கட்டினான் என்பதற்குள்ளும் இல்லை.
இரண்டும் நெருங்கும்போது இடையில் முளைக்கிறது.
வாக்கியம் வாக்கியமாக யாரும் அதைச் சேமித்து வைப்பதில்லை.
ஒரு விதி, ஓரிடத்தில்:
இரண்டாம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும்.
இன்னும் பிறக்காத வாக்கியங்களுக்கும் சேர்த்து
அவ்வளவுதான்.
ஒற்று.
உளவுக்கும் அதே சொல்.

வியாழனன்று அறுநூற்றுப் பன்னிரண்டையும் அழித்தேன்.
தனிக் கோப்பில் ஒரே விதி எழுதினேன்:
(தமிழில் சொல்வதென்றால்)
'ஏற்று' என்று தொடங்கும் எந்தச் செயல் வந்தாலும்
அதற்கு முன்னால் நுழை, குறித்து வை.
நெய்யும் கருவி ஓடி முடித்தது.
மறந்த பதினோரு இடங்களும் வாய் திறந்தன.

ரஸ்லினா நாற்காலியை உருட்டி வந்து பார்த்தாள்.
"தன்னைக் கவனிப்பது அந்தக் கூறுக்கே தெரியாதா?"
தெரியாது, அதுதான் இதன் அழகு என்றேன்.
"அழகா" என்றாள்,
தே ஓ கோப்பையின் மூடியைக் கழற்றியபடி.

சனிக்கிழமை அவள் ஒரு பெயரை மாற்றினாள்.
ஏற்று, சரக்கேற்று ஆனது.
தெளிவுக்காகத்தான், நியாயமாகத்தான்.
எதுவும் உடையவில்லை. சோதனைகள் எல்லாம் பச்சை.
ஏகாரம் மட்டும் பக்கத்து மெய்யில் ஏறி
முகம் மாறிவிட்டது.
விதி அந்த வாசலைத் தாண்டி நடந்து போனது,
அறிமுகமற்றவர் வீட்டைத் தாண்டுவதுபோல.
மூன்று நாள் அங்கே
யார் வந்தார் என்று கேட்க ஆளில்லை.
பிழையென்றால் கத்தியிருக்கும்.
இது வெறுமனே சும்மா இருந்தது.

ஏழாம் பகுதியில் அதையும் எழுதினேன்.
இரண்டு பத்தி எழுதி, ஒன்றை அழித்து, திரும்ப எழுதி.

கசிவு பார்க்க வந்த ஆள்
மேல்வீட்டுத் தரையில் அணை கட்டி
சிவப்புச் சாயம் கலந்த நீரை நிறுத்தினார்.
கீழே வந்து காத்திருங்கள் என்றார்.
திருமதி கோவும் இறங்கி வந்தார், வீட்டுச் செருப்போடு.
இருவரும் அந்தச் சின்ன அறையில் தோள் இடித்து
அண்ணாந்து நின்றோம்.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, வெள்ளை வாளியில்
ஒரு சிவப்புத் துளி.

அவர் கைப்பேசியில் மணி பார்த்தார்.
"இரண்டு நாற்பது," என்றார்,
"குறித்துக்கொள்ளுங்கள்."