பதினெட்டு முப்பது

பைனாகுலரில் முதலில் தெரிந்தது எண்.
ஒன்று, எட்டு, மூன்று, சுழி.
பக்கத்தில் சாய்சதுரப் பலகை, அதில் ஒரு கை.
கைமேல் ஏதோ சொட்டுகிறது.
சொட்டிய இடத்தில் கை அரைகுறை.

அன்டோஃபகாஸ்டாவிலிருந்து
செம்புச் சுரங்கத்துக்கு ஏறும் சாலை.
கவிழ்ந்த டேங்கரிலிருந்து கந்தக அமிலம்
அவசரமே இல்லாமல்
தார் விளிம்பு தாண்டி மண்ணுக்கு இறங்குகிறது.
சுடர் இல்லை, கூச்சல் இல்லை.
யாரோ சமையலெண்ணெயைத் தவறவிட்டதுபோல
ஒரு மினுமினுப்பு.

நாங்கள் சம்பளம் வாங்காத தீயணைப்புக்காரர்கள்.
யெர்கோ பகலில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன்.
நயரெத் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள்.
நான் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறேன்.

என் கை தானாகவே
குழாய்த் திருகுக்குப் போனது.
நயரெத் மணிக்கட்டைப் பிடித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்தக் குட்டையில் நீர் விழுந்தால்
அது கொதித்து நம் முகம் தேடும் என்று
எனக்கும் தெரியும்.
பதினோரு வருடம் தண்ணீரோடு ஓடிய கைக்குத்தான்
தெரியவில்லை.

காற்று முதுகில் படும்படி நில், மேட்டில் நில்
என்கிறது கையேடு.
இங்கே காற்று கடலிலிருந்து மலைக்கு ஏறுகிறது.
காற்றைக் கேட்டால் பள்ளத்தில் நிற்க வேண்டும்,
பள்ளத்தைத் தேடித்தான் அமிலம் வருகிறது.
கேப்டன் டானிட்சா ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு தெற்கே ஒரு மண்திட்டைக் காட்டினாள்.
ஆன்டெனாவில் ஒரு கிழிந்த ரிப்பன் கட்டினோம்.
அன்று எங்களுக்கு அதுதான் தெய்வம்.

அப்போதுதான் டிரைவர் எங்களை நோக்கி நடந்து வந்தான்.
"அங்கேயே நில்!"
உதவி கேட்டு வருகிறவனைப் பார்த்து
அப்படிக் கத்துவது
பழக எத்தனை நாளானாலும் பழகாதது.
நின்றான். கையை வேறு தூக்கிக்கொண்டான்,
திருடனைப்போல.

எலெயுதேரியோ.
வண்டிக் காகிதங்களை எடுக்கத் திரும்பப் போயிருக்கிறான்.
இடது பூட்ஸ் நனைந்திருந்தது.
பேன்ட்டின் ஓரம் சரிகைபோல் ஓட்டை ஓட்டையாக.
"ஒன்றுமில்லை, கொஞ்சம் அரிக்கிறது" என்றான்.

உடையை வெட்டி எறிந்துவிட்டுத் திருகைத் திறந்தேன்.
குட்டைக்கு ஒரு துளியும் கிடையாது,
இந்தக் காலுக்கு மொத்த டேங்கும்.
ஐந்து நிமிடத்தில் அவன் நெளிந்தான்:
"போதும் அம்மா, வீணாகிறது.
எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி
வியாழக்கிழமைதான்."
கடிகாரத்தைப் பார்த்தபடி ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
கழுவிய நீரையும் தொட்டியில் பிடித்தோம்.
பத்து. பதினைந்து. இருபது.
அவன் வானத்தைப் பார்த்து
வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டான், லிட்டரில்.

முதுகுக் காற்று முப்பது நிமிடம்:
போக ஐந்து, வர ஐந்து, கழுவிக்கொள்ளப் பத்து.
மிச்சமுள்ள மூன்றில் ஒரு பங்கில்
நயரெத்தும் யெர்கோவும்
உலர்ந்த மண்ணை வாரி வரப்பு கட்டினார்கள்.
இரண்டு வெள்ளைப் பூதங்கள்,
உடைக்குள் வியர்வையில் மிதந்துகொண்டு.
மண் தொட்ட இடத்தில் உஸ்ஸென்றது.
யெர்கோ இன்னும் நான்கு மண்வெட்டி போட விரும்பினான்.
மணி அடித்தது. நயரெத் தோளைத் தட்டினாள்.
திரும்பினார்கள்.
வரப்பு ஒரு முழம் குறைவாகவே நின்றது.

பொழுது சாய்ந்ததும் ரிப்பன் தொங்கியது.
அசையாமல் கொஞ்ச நேரம்.
பிறகு மெல்ல, மலைப்பக்கத்திலிருந்து.
டானிட்சா கையை உயர்த்தினாள்.
பேசாமல் எல்லாவற்றையும் தூக்கி
மறுபக்கம் போனோம்.

பத்து மணிக்குச் சுண்ணாம்பு லாரிகள் வந்தன.
கையுறைகளை மஞ்சள் பீப்பாயில் போட்டு மூடினேன்.
மூடிமேல் அதே அரைகுறைக் கை.

ஆம்புலன்ஸில் ஏறும்முன்
எலெயுதேரியோ பூட்ஸைக் கேட்டான்.
புதுசு, போன மாதம் வாங்கினது.
பீப்பாய்க்குள் போய்விட்டது என்றேன்.
"வலதும் கூடவா?"

வலது நனையவில்லை.
இரண்டு முறை சோதித்துவிட்டுக் கொடுத்தேன்.
அதை மார்போடு அணைத்துக்கொண்டு
ஒற்றைக் கட்டுக்காலோடு
படியேறிப் போனான்.